ஒன்பது புள்ளி எட்டு ஒன்று

மே 8

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. இயற்பியலில் நூற்றுக்கு நூறு. மற்றப் பாடங்களைப் பற்றி எழுதுவதாக இல்லை. தமிழில் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தால் நான் டைரியே எழுதக்கூடாது.

அப்பா இன்சூரன்ஸ் ஏஜெண்ட். இந்த டைரி அவர் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து மிஞ்சியது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் "உங்களுக்குப் பின் உங்கள் குடும்பம்?" என்று அச்சடித்திருக்கிறார்கள். பதினேழு வயதில் தினமும் இந்தக் கேள்விக்கு மேலே உட்கார்ந்து எழுத வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

கோவில்பட்டியில் எங்களுக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருப்பது சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கேள்வி. "செண்பகம், எஞ்சினியரிங்ல என்ன எடுக்கப் போற?" பி.எஸ்சி. இயற்பியல் என்றேன். சாத்தூர் அத்தை அப்பாவைத் தனியாக அழைத்துப் போய், "பிள்ளைக்குக் கட் ஆஃப் இடிக்குதோ?" என்று விசாரித்தாளாம்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார். "இது எத்தன வருசத்துப் பாலிசிம்மா?"

"பி.எஸ்சி. மூணு, எம்.எஸ்சி. ரெண்டு, பிஎச்.டி. அஞ்சு. ஆறு கூட ஆகும்."

"பதினோரு வருசமா! நடுவுல சரண்டர் பண்ணுனா ஒண்ணும் தேறாதே."

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "நாம இருக்கும்போதே முதிர்வு வந்துரும், சாப்பிடுங்க" என்றாள்.

மே 9

செய்முறைத் தேர்வில் முப்பதுக்கு முப்பது எப்படி வாங்கினாய் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டது. உழைப்பு என்றேன்.

மே 13

இயற்பியல் படிக்க எந்தக் கல்லூரி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். அவரவர் ஊரில் இருக்கும் கல்லூரிதான் இந்தியாவிலேயே சிறந்தது. எனக்கு வேண்டியது பி.எஸ்சி. பட்டம் மட்டும் இல்லை. அதை முடித்துவிட்டு நல்ல இடத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போக வேண்டும். போய், இதுவரை யாருக்கும் தெரியாத ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். டைரி சிரிக்காது, அதற்கு என் குடும்பத்தைப் பற்றித்தான் கவலை.

ஆகவே தலைகீழாக யோசித்தேன். நாலு பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களின் இணையதளத்துக்குள் போய், அங்கே இயற்பியலில் ஆய்வு செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் பி.எஸ்சி. எங்கே படித்தார்கள் என்று தேடி எடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நாலு நாள் வேலை. சார்ட் பேப்பர் வாங்கிக் கட்டம் போட்டுப் பீரோவில் ஒட்டியிருக்கிறேன். பீரோவைத் திறக்க முடியவில்லை என்று அம்மா சொல்கிறாள். விஞ்ஞானத்துக்கு எல்லாக் காலத்திலும் எதிர்ப்பு இருந்திருக்கிறது.

முதல் இடம், வடக்கே இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐந்து வருடப் படிப்பு. அதன் நுழைவுத் தேர்வை எழுதிக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். எனக்கு முன்னால் இருநூற்றுப் பதினோரு பேர். அவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் கவிதையில் ஆசை வந்தால் எனக்கு இடம் கிடைக்கும்.

இரண்டாம் இடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினேன். செவல்குளம் கல்லூரி. ஒன்பது பேர். செவல்குளம் இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். நான் அந்தக் கல்லூரியைப் பார்த்திருக்கிறேன், அதாவது அதன் சுவரில் காயப்போட்ட மிளகாயைப் பார்த்திருக்கிறேன். புல்வெளியும் நீரூற்றும் வைத்த கல்லூரிகளெல்லாம் இரண்டு பேர், மூன்று பேர் என்று கீழே கிடக்கின்றன.

எங்கோ பிழை இருக்கிறது. நாளை மறுபடி எண்ண வேண்டும்.

மே 14

பிழை இருந்தது, ஒருவரை விட்டிருந்தேன். பத்து பேர்.

மே 19

அம்மா அங்கன்வாடி டீச்சர். மாதம் ஒருமுறை பிள்ளைகளை எடை போட்டு எழுத வேண்டும். இன்று உதவிக்குப் போனேன். ஒரு குட்டிப் பயல் தராசில் நிற்காமல் குதித்தான். முள் பதினொன்று முந்நூறுக்கும் பதினொன்று ஐந்நூறுக்கும் நடுவே ஆடியது. பதினொன்றரை என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, அவன் எங்க நின்னான்? இறக்காத, நிக்கட்டும்."

"இருநூறு கிராம்தானம்மா."

"நின்ன பெறவு இருக்கத எழுது."

ஒரு பிஸ்கட் கொடுத்து நிற்க வைத்ததில் பதினொன்று முந்நூறு. அம்மா இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில் ரொம்பப் படுத்துவாள். இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது.

மே 22

செவல்குளம் கல்லூரிக்குப் போன் செய்தேன். இயற்பியல் துறையில் எடுத்தவர் மோட்டார் போட வந்தவராம், யாரும் இல்லை என்றார். பிறகு ஒரு பெண் வாங்கிப் பேசினாள். பெயர் பரக்கத் நிஷா, அங்கே இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

"சேரணும்னா இருவத்தெட்டாம் தேதி வா. ஒரு சின்ன சோதன உண்டு. நாங்க ரெண்டாம் வருசப் பிள்ளைங்கதான் நடத்துவோம், சார்மாரு வரமாட்டாங்க."

"என்ன படிச்சுட்டு வரணும் அக்கா?"

"ஒண்ணும் வேண்டாம். ஸ்கேல் மட்டும் கொண்டு வந்துராத."

நாலு வருட வினாத்தாளை எடுத்து வைத்துப் படிக்கத் தொடங்கிவிட்டேன்.

மே 28

அப்பாவோடு செவல்குளம் போனேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்ததும் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் பாலிசி பேச ஆரம்பித்துவிட்டார். இறங்கும்போது அந்த மனிதர் அப்பாவின் எண்ணை வாங்கிக்கொண்டார். அந்தத் திறமையில் கால்வாசி எனக்கு வந்திருந்தால் இருநூற்றுப் பதினோரு பேரையும் பேசியே கலைத்திருப்பேன்.

இயற்பியல் ஆய்வகம் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். பதினாறு பேர் வந்திருந்தோம். மேசைக்கு ஒரு ஸ்டாண்டு, ஒரு நூல், நூல் முனையில் ஒரு பித்தளைக் குண்டு, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு மீட்டர் ஸ்கேல். தனி ஊசல். குண்டை ஆட்டிவிட்டு இருபது ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைப் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலேயே செய்தது. விடை 9.8 என்பது எங்கள் வீட்டுப் பீரோவுக்கே தெரியும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்கேல்கூட மரச்சட்டத்தில் காகிதத்தை ஒட்டி வைத்தது. வசதி இல்லாத கல்லூரி பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியில் எங்களுக்கு அறுபது பேருக்கு இரண்டு ஊசல். டீச்சர் அளவீடுகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார், நாங்கள் ரெகார்டு நோட்டில் அழகாக எழுதிக் கட்டம் போடுவோம். தேர்விலும் முதலில் விடையை எழுதிக்கொண்டு, அதற்குப் பொருத்தமாக மேலே அளவீடுகளை நிரப்புவதுதான் வழக்கம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் எதுவும் இல்லை, சும்மா ஞாபகம் வந்தது.

எண்பது சென்டிமீட்டர் நூலுக்கு இருபது ஆட்டம் 35.9 வினாடி வர வேண்டும். முதல் தடவை 36.8 வந்தது. இரண்டாம் தடவையும் 36.8. கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தும்போது என் விரல் தாமதமாகிறது என்று முடிவு செய்து சரிசெய்துகொண்டேன். மற்ற நீளங்களுக்கும் அதே மாதிரி சரிசெய்தேன். 9.81 வந்தது. எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டேன்.

பக்கத்து மேசையில் ஒரு பெண், இரட்டைச் சடை. மறுபடி மறுபடி ஆட்டிக்கொண்டே இருந்தாள். வேர்த்துப்போயிருந்தாள். என்னைப் பார்த்து, "உங்களுக்கு எவ்வளவு வந்துச்சுக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஒன்பது புள்ளி எட்டு ஒன்று" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. என் மதிப்பெண் நூறு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வது எங்கள் குடும்ப வழக்கம்.

பரக்கத் நிஷா என் தாளை வாங்கிப் பார்த்தாள். "ரொம்பச் சுத்தமா இருக்கு" என்றாள். நன்றி என்றேன். மொத்தம் இருபத்துநாலு இடம், வந்தது பதினாறு பேர், அதனால் வந்த எல்லோருக்குமே இடம் உண்டாம். அப்பா என் சான்றிதழ்களை அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். வடக்கிலிருந்து கூப்பிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இரட்டைச் சடைப் பெண்ணை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மே 31

காத்திருப்போர் பட்டியல் நகர்ந்திருக்கிறது. எனக்கு முன்னால் நூற்று நாற்பது பேர். கவிதை வாழ்க.

ஜூன் 4

பரக்கத் நிஷா அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். என் விடைத்தாள். அதன் அடியில் சிவப்புப் பேனாவால் ஒரே வரி: "இந்த ஸ்கேலில் 9.81 வராது."

போன் செய்தேன்.

"அந்த ஸ்கேல் ஜெராக்ஸ் எடுத்தது" என்றாள். "நூத்தஞ்சு சதவீதமாப் பெருசாக்கி, துண்டு துண்டா ஒட்டுனது. அதுல எம்பதுன்னா உண்மையில எம்பத்திநாலு. நேர்மையா அளந்தா 9.33 வரும். 9.3ல இருந்து 9.4க்குள்ள எது வந்தாலும் சரிதான்."

"ஒருவேளை என் கை..." என்று ஆரம்பித்தேன்.

"கையெல்லாம் இல்ல. பயப்படாத, சீட்டு உனக்கு உண்டு. நாங்க எல்லாரும் வந்த அன்னைக்கு 9.8 போட்டவங்கதான். நான் 9.79 போட்டேன், நம்புற மாதிரி இருக்கட்டும்னு. இங்க ஒரு வழக்கம் இருக்கு. அந்தத் தாள ரெகார்டு நோட்டுல மொதப் பக்கத்துல ஒட்டணும். மூணு வருசமும் அது அங்கதான் இருக்கும். தெரிஞ்சுட்டு வர்றவங்க வரட்டும்னுதான் முன்னாடியே சொல்லுதோம்."

சரி அக்கா, ரொம்ப நல்ல வழக்கம் அக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 5

இன்று எதுவும் நடக்கவில்லை. ஒரு கிலோ பூண்டு உரித்தேன். அம்மா கேட்கவே இல்லை, நானாக உரித்தேன்.

ஜூன் 6

ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தும்போது விரல் தாமதமாவது நிஜமாகவே உண்டு. இணையத்தில் தேடிப் பார்த்தேன். வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. எனக்கு ஆகியிருப்பது முழுதாகப் பத்தில் ஒன்பது பங்கு. அவ்வளவு தாமதமாக நகரும் விரலை வைத்துக்கொண்டு பல் விளக்கக்கூட முடியாது.

ஜூன் 9

இடம் கிடைத்துவிட்டது! வடக்கே, முதல் இடம், ஐந்து வருடம். பன்னிரண்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் சான்றிதழ்களைப் பதிவேற்றிச் சம்மதம் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. போன இடத்தில் நன்றாக இருக்கட்டும்.

அப்பா தெருவுக்கே சொல்லிவிட்டார். சாத்தூர் அத்தை போன் செய்து, "அங்கயாவது எஞ்சினியரிங் உண்டா?" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் சந்தோஷம் எது தெரியுமா? முனைவர் பட்டம் இல்லை. அங்கே யாருக்கும் அந்தத் தாளைத் தெரியாது. இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, என் ரெகார்டு நோட்டின் முதல் பக்கம் வெள்ளையாக இருக்கும். உயர்கல்வி என்ற பெயரில் ஓடிப்போக இவ்வளவு கௌரவமான வழி யாருக்குக் கிடைக்கும்?

ஜூன் 10

அம்மாவிடம் ஸ்கேல் விஷயத்தைச் சொன்னேன். வேடிக்கைக் கதை மாதிரி சொன்னேன். இடையிடையே சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊர்லயும் அளக்கச் சொல்லுவாகளா?"

"சொல்லுவாங்க."

"ம்" என்று சொல்லி அடுத்த துணியை எடுத்தாள்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். நாளைக்குச் செவல்குளம் போய்ச் சான்றிதழை வாங்கிவிட வேண்டும்.

ஜூன் 11

அப்பாவுக்கு வேலை. தனியாகப் போனேன். எழுத நிறைய இருக்கிறது.

அலுவலகத்தில் கிளார்க் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். சான்றிதழ் வேண்டும் என்று பெயர் கொடுத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே பரக்கத் நிஷா அக்கா ஒரு ஸ்டாப்வாட்ச்சைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "நல்ல எடம்லா, போ" என்றாள். அவள் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

போவதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. "அக்கா, இன்னொரு தடவ அளந்து தரவா? அந்தத் தாளக் கிழிச்சிரலாம்லா."

"எதுக்கு? இப்பதான் உனக்கு விடை தெரிஞ்சுபோச்சே. 9.33 வர்ற வரைக்கும் இழுப்ப. அதுவும் விடைக்கு ஏத்தாப்ல அளவச் சமைக்கதுதான்."

பதினாறு தாள்களும் மேசையில்தான் இருந்தன. பதினைந்தில் 9.8, 9.81, 9.79. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நாங்கள் பதினைந்து பேர் தனித்தனியாக வந்திருக்கிறோம். ஒரு தாள் மட்டும் கசங்கியிருந்தது. கசக்கிப் போட்டதை யாரோ தேய்த்து நிமிர்த்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு நீளத்துக்கும் மூன்று முறை, நான்கு முறை அளந்து, அடித்து, மறுபடி அளந்து, கடைசியில் 9.33. அதற்கு மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. பெயர் இசக்கியம்மாள்.

"குப்பைத் தொட்டியில கெடந்துச்சு" என்றாள் அக்கா. "அவ மட்டுந்தான் சேரல. மூணு தடவ போன் போட்டுட்டேன். நீதான் சரின்னு சொன்னா நம்பமாட்டேங்கா. ஆறுதலுக்குச் சொல்லுதேன்னு நினைக்கா. பக்கத்து மேச அக்காவுக்குக் கரெக்டா 9.81 வந்துச்சே, அவங்க நூத்துக்கு நூறாம்லா, எனக்கு ஃபிசிக்ஸ் வராதுங்கா. நாளைக்கு பி.காம். சேருதாளாம்."

பக்கத்து மேசை யார் என்று நான் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

எனக்கு எந்தக் கல்லூரி என்று தேர்ந்தெடுக்க முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை எண்ணினேன், சார்ட் போட்டேன், ஒரு மாதம் வீட்டில் யாரையும் பீரோ திறக்கவிடவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு எண்ணைச் சொல்லி பி.காமைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அந்த அறையில் இயற்பியல் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இதை வேடிக்கையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

"நம்பர் குடுங்கக்கா" என்றேன்.

இசக்கியம்மாளின் அப்பா எடுத்து, யாரு, என்ன என்று விசாரித்துவிட்டுக் கொடுத்தார். பின்னால் கோழிச் சத்தம் கேட்டது.

"இசக்கியம்மா, நான் செண்பகவல்லி. அன்னைக்குப் பக்கத்து மேசையில இருந்தேன்."

"தெரியும்க்கா. நூத்துக்கு நூறு அக்கா."

"அந்த ஸ்கேல் தப்பு. அதுல 9.33தான் வரும். உனக்குத்தான் சரியா வந்துச்சு."

"நிஷா அக்காவும் அப்படித்தான் சொன்னாங்க." மரியாதையாகவே சொன்னாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்ப உங்களுக்கு எப்படிக்கா 9.81 வந்துச்சு?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். விரல், தாமதம், முரண்டு, சரிசெய்தல் என்று இந்த டைரியில் எழுதிய அத்தனை வார்த்தைகளும் வரிசையாக வாய்க்கு வந்தன. அந்தக் கசங்கிய தாள் எனக்கு முன்னாலேயே இருந்தது.

"வரல" என்றேன். "எனக்கும் மொத ரெண்டு தடவ உன்ன மாதிரிதான் வந்துச்சு. தப்பாயிருமோன்னு பயந்துட்டேன். பொய்யா எழுதினேன். பள்ளிக்கூடத்துலயும் பொய்யாத்தான் எழுதினேன். நான் இதுவரைக்கும் எதையும் ஒழுங்கா அளந்ததே இல்ல."

பரக்கத் நிஷா அக்கா ஸ்டாப்வாட்ச்சின் திருகாணியைத் தேடுவது போலத் தலையைக் குனிந்துகொண்டாள். இதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கிளார்க் என் சான்றிதழ்க் கவரோடு ஆய்வக வாசலுக்கே வந்து, "கோவில்பட்டிப் பிள்ள யாரும்மா, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ" என்றார்.

"அக்கா" என்றாள் இசக்கியம்மாள் போனில். "நான் வந்தா நீங்க அங்க இருப்பீங்களா?"

"இருப்பேன்" என்றேன். கவரை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.